கண்ணாடி மாதிரித் தண்ணீர், நிறம் மட்டும் ஆரஞ்சு

மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை பிற்பகல். ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், வயல்களுக்கு நடுவில் போகும் ஒரு சின்ன ஓடையில் ரப்பர் உடையை இடுப்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். விரல் மரத்துப்போகும் குளிர். எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு சைக்கிளில் வந்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“கண்ணாடி மாதிரிக் கிடக்கு, தங்கச்சி. இதுக்குள்ள என்னத்தைத் தேடுறியள்?”

“அடியில குடியிருக்கிறவங்கள எண்ணிக்கிட்டிருக்கேன், அண்ணா.”

அவர் சிரித்தார். ஆனால் பதினொரு வருஷமாக என் பிழைப்பே அதுதான். ஐரோப்பாவின் ஓடை, நதி, ஏரிகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “தண்ணி நல்லதா?” அது ஒரே கேள்வி இல்லை என்பதுதான் சிக்கல். குடிக்கலாமா, குளிக்கலாமா, மீனைப் பிடித்துத் தின்னலாமா, அங்கே வாழவேண்டிய உயிர்கள் வாழ்கின்றனவா என்று நாலு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. நாலுக்கும் சோதனை வேறு, பதில் வேறு. ஒன்றின் பதிலை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டவைப்பதால்தான் குழப்பமெல்லாம்.

என் வேலை கடைசிக் கேள்வி. ஓடையின் அடித்தளத்தில் கல் எவ்வளவு, மணல் எவ்வளவு, அழுகிய இலை எவ்வளவு என்று முதலில் கண்ணால் அளந்து, அந்த விகிதத்துக்கு ஏற்ப இருபது இடங்களைத் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர், மொத்தம் ஒன்றேகால் சதுர மீட்டர். வலையை நீரோட்டம் போகும் பக்கம் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் காலால் கிளறவேண்டும், கையால் கற்களைத் தேய்க்கவேண்டும். அரை மில்லிமீட்டர் கண் உள்ள வலையில் எல்லாம் வந்து விழும். பிறகு ஆய்வகத்தில் அதிலிருந்து குறைந்தது 350 உயிர்களையாவது இடுக்கியால் பொறுக்கி, நுண்ணோக்கியில் வைத்து இனம் பார்ப்போம். ஒரு மாதிரிக்கு ஒரு நாள் போய்விடும். கழுத்து வலி தனிக்கதை.

அன்றைக்குப் பிள்ளைகளுக்காக வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொட்டிக் காட்டினேன். சேறும் இலைச் சருகும்தான் முதலில் தெரியும். ஒரு நிமிஷம் அசையாமல் பார்த்தால் தட்டு முழுக்க நெளிய ஆரம்பிக்கும். மூத்தவள் முதலில் பார்த்தது மூன்று வால் உள்ள ஒரு பூச்சிக் குஞ்சு, மேஃப்ளை. வளர்ந்து சிறகு முளைத்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆயுள் என்பதால் ஜெர்மன்காரர்கள் இதை ‘ஒருநாள் ஈ’ என்கிறார்கள். ஆனால் அதற்கு முன் மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் இருந்திருக்கும். “ரெண்டு வால் இருக்கிறதைக் கண்டுபிடிச்சா உனக்கு ஐஸ்கிரீம்” என்றேன். இரண்டு வால் உள்ளது ஸ்டோன்ஃப்ளை, கல்லிடுக்கில் வாழும் பூச்சி. குளிர்ச்சியும் ஆக்சிஜனும் நிறைய வேண்டும் அதற்கு. சில இனங்கள் மூன்று வருஷம்வரை தண்ணீரிலேயே வளரும். அந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி விஷம் வந்துபோயிருந்தாலும் ஆள் இருக்காது.

பாட்டிலில் பிடித்த தண்ணீருக்கும் பூச்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பாட்டில் அந்த நிமிஷத்தைச் சொல்லும். பூச்சி, தான் அங்கே வாழ்ந்த காலம் முழுவதற்கும் சாட்சி. இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. கோல்க்விட்ஸ், மார்சோன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1900-களின் தொடக்கத்திலேயே எந்த உயிர் எவ்வளவு சாக்கடையைத் தாங்கும் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு டியூபிஃபெக்ஸ் புழு தெரிந்திருக்கும். சேற்றில் தலையைப் புதைத்துக்கொண்டு வாலை ஆட்டும் செம்புழு. ஓடையில் அது மட்டும் கும்பல் கும்பலாகக் கிடைத்தால் மேலே எங்கோ கழிவுநீர் கலக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

முதல் வருஷம் நானும் ஏமாந்திருக்கிறேன். பெருமழை விட்ட நாலாம் நாளே போய் மாதிரி எடுத்து வந்தேன். தட்டில் பத்துப் பதினைந்து உயிர்கூட இல்லை. ‘ஓடை செத்துவிட்டது’ என்று பதறிப்போய் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். என் மேலாளர் மழை தேதியைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார். வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை மாசு என்று எழுதப் பார்த்திருக்கிறேன். சில வாரம் கழித்து மறுபடி போனபோது கூட்டம் திரும்பியிருந்தது.

சரி, அந்த மார்ச் ஓடைக்கு வருவோம். ஐஸ்கிரீம் யாருக்கும் கிடைக்கவில்லை. இரண்டு வால் ஒன்றுகூட இல்லை. அதற்கு நாங்கள் கொடுத்த நிறம் ஆரஞ்சு.

நிறக் கணக்கு இப்படி. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் ஒரு நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி நீர்நிலைகளுக்கு ஐந்து நிறத் தரம்: நீலம் மிக நன்று, பச்சை நன்று, மஞ்சள் சுமார், ஆரஞ்சு மோசம், சிவப்பு படுமோசம். பாசி, நீர்த்தாவரம், அடித்தளத்துச் சிற்றுயிர், மீன் என்று தனித்தனியாகப் பார்ப்போம். இயற்கை நிலையில் இந்த வகை ஓடையில் என்னென்ன இருந்திருக்கும் என்பதோடு ஒப்பிடுவோம். ஆல்ப்ஸ் மலையின் ஓடையை வைத்துக்கொண்டு சமவெளியின் மணல் ஓடைக்கு மார்க் போடக்கூடாது இல்லையா, அதற்காக ஜெர்மனியில் மட்டுமே 25 வகை பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அண்ணா பார்த்த தெளிவு பொய்யில்லை. சாக்கடைக் கலப்புக்கான மார்க் அந்த ஓடைக்குப் பச்சைதான். சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. கவிழ்த்தது மற்றவை. வயலுக்கு வசதியாக ஓடையை ஸ்கேல் வைத்தாற்போல் நேராக்கியிருந்தார்கள். கரையில் மர நிழல் கிடையாது. கல் இடுக்குகளையெல்லாம் வயலிலிருந்து வந்த வண்டல் மூடியிருந்தது. வீடே இல்லாத இடத்தில் யார் குடியிருப்பார்கள்? தண்ணீர் சுத்தம், ஆனால் ஓடை ஓடையாக இல்லை. ஐரோப்பா முழுக்க இதே கதைதான். அணை, தடுப்பு, சின்ன மதகு எல்லாம் சேர்த்து ஐரோப்பிய நதிகளில் குறைந்தது 12 லட்சம் தடைகள் இருப்பதாக 2020-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

இந்த மார்க் முறையில் ஒரு விதி உண்டு. ஒரு பாடத்தில் ஃபெயில் என்றால் மொத்தமும் ஃபெயில். மீன் நன்று, பாசி நன்று, பூச்சி மட்டும் மோசம் என்றால் ஓடையின் நிறம் மோசத்தின் நிறம். இதனால் நடந்த முன்னேற்றமெல்லாம் மறைந்துபோகிறது என்று நகராட்சிக்காரர்கள் புலம்புவார்கள். புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விதியைத் தளர்த்தக்கூடாது என்பதே என் கட்சி. சராசரி எடுக்க ஆரம்பித்தால் நோயை மறைப்பது சுலபம். பாடவாரி மார்க்கையும் மக்களுக்குத் தெரிகிற மாதிரி பக்கத்திலேயே அச்சிட்டால் போதும்.

ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமை 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி நதி, ஏரி, கடலோர நீர்களில் 37 சதவீதம்தான் பச்சை அல்லது நீலம். 2015-க்குள் எல்லாமே பச்சையாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அது முடியாமல் 2021 ஆனது, இப்போது 2027. வேதிப்பொருள் கணக்கில் நிலைமை இன்னும் கீழே, 29 சதவீதம்தான் தேறியது. ஜெர்மனியில் அந்தக் கணக்கு சுழியம். ஆம், ஒரு நதிகூட இல்லை. இந்த எண் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் எனக்கு போன் வரும்.

பயப்படும் முன் அதன் காரணத்தைப் பாருங்கள். நிலக்கரி எரித்த புகையில் வந்து மண்ணிலும் நீரிலும் படிந்த பாதரசமும், பழைய சோபா, மின்சாதனங்களில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் மீன் உடம்பில் எங்கும் இருக்கின்றன. பாதரசத்துக்கு வரம்பு கிலோ மீனுக்கு 20 மைக்ரோகிராம். மீனையே தின்று வாழும் பறவை, விலங்குகளைக் காக்க வைத்த வரம்பு இது. மனிதர் சாப்பிடும் மீனுக்கான வரம்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த மாதிரி எங்கும் பரவிய பழைய பொருட்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஐரோப்பாவின் 29 ஏறத்தாழ 80 சதவீதமாகிவிடும்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. கணக்கிலேயே வராத விஷம். மாதம் ஒரு முறை பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது வழக்கம், பெரும்பாலும் நல்ல வெயில் நாளில். பூச்சிமருந்து ஓடைக்கு வருவதோ மருந்தடித்தபின் கொட்டும் முதல் மழையில். சில மணி நேரத்தில் வந்து, சில மணி நேரத்தில் போய்விடும். 2018, 2019-ல் ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன ஓடைகளில் நீர்மட்டம் ஏறியதும் தானாகவே மாதிரி எடுக்கும் கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். வயல்வெளி ஓடைகளில் 81 சதவீதத்தில் பூச்சிமருந்து வரம்பு மீறியிருந்தது. அந்த முடிவு வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தட்டில் எது இல்லை என்பதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

பாட்டிலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, போலந்திலிருந்து ஜெர்மனி எல்லைக்கு வரும் ஓடர் நதியில் 2022 கோடையில் நடந்தது ஓர் உதாரணம். ஜூலை கடைசியில் போலந்துப் பக்கம் மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. ஆகஸ்டில் ஜெர்மனி எல்லைக்கு வந்துவிட்டது. சுமார் 360 டன் மீன். முதலில் கிளம்பிய பேச்சு பாதரசம். அது இல்லை. ஃபிராங்க்ஃபுர்ட் அன் டெர் ஓடர் நகரத்துத் தானியங்கி நிலையத்தின் அளவீடுகளைப் பார்த்தபோது எனக்கு முதலில் கருவி கெட்டுவிட்டதோ என்றுதான் தோன்றியது. மீன் சாகும் நதியில் ஆக்சிஜன் குறையவேண்டும். இங்கே ஆகஸ்ட் 7 முதல் அது ஏறியது! கார அமில அளவும் (pH) ஏறியது, உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறனும் ஏறியது. மூன்றும் சேர்ந்து ஏறினால் அர்த்தம் ஒன்றுதான்: உப்புத் தண்ணீரில் பாசி பெருகி வெயிலில் மூச்சு விடுகிறது. பொன்னிறப் பாசி என்ற நுண்ணுயிரி, பிரிம்னீசியம் பார்வம். கடலோர உவர்நீரில் இருக்கவேண்டியது. சுரங்கக் கழிவு உப்பு, வறட்சியில் வற்றிய நதி, கொளுத்தும் வெயில் மூன்றும் சேர்ந்து உள்நாட்டு நதியை அதற்கு ஏற்ற வீடாக்கிவிட்டன. அது கக்கிய நஞ்சு மீன்களின் செவுள்களை அரித்தது. மட்டி, நத்தைகளும் தப்பவில்லை.

குளிக்கும் கேள்வி இதிலெல்லாம் சேராது, அதற்கு மலக்கிருமிக் கணக்கு தனி. உள்நாட்டு நீரில் 100 மில்லியில் ஈ.கோலை 500-க்குள் இருந்தால் ‘பிரமாதம்’ பிரிவு. நான்கு கோடைகளின் முடிவுகளைச் சேர்த்துப் போடும் தரம் அது. கடற்கரைகளும் சேர்த்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் குளிக்கும் இடங்களில் 85 சதவீதம் 2023-ல் அந்தப் பிரிவில் இருந்தன. மேலே சொன்ன 37-ஐயும் இந்த 85-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரிசின் சேன் நதியை 140 கோடி யூரோ செலவழித்துத் தயார்செய்தும், 2024 ஒலிம்பிக்கில் மழை பெய்ததும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஆண்கள் டிரையத்லான் போட்டி ஒரு நாள் தள்ளிப்போனது. பழைய நகரங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாய். கனமழையில் அது நிரம்பி வழிந்து நதிக்கே வரும். 2025 ஜூலையில் அதே நதியைப் பொதுமக்கள் குளிக்கத் திறந்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்வது சில்லறைப் பழக்கங்கள்தான். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தேய்த்தால் கையை உடனே கழுவாமல் முதலில் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். அந்த மருந்தைச் சாதாரண சுத்திகரிப்பு நிலையம் முழுதாகப் பிடிப்பதில்லை. மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். நாய்க்கு உண்ணி மருந்து விட்டபின் சில நாளுக்கு ஓடைப்பக்கம் இறக்கவேண்டாம், அதில் இருப்பதும் பூச்சிக்கொல்லிதான். 2024-ன் புதிய ஐரோப்பியச் சட்டம் பெரிய நகரங்களின் நிலையங்களில் மருந்து எச்சத்தைப் பிடிக்க நான்காம் கட்டச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்குகிறது. அந்தச் செலவில் 80 சதவீதத்தையாவது மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்கவேண்டும். நல்ல சட்டம். நிறுவனங்கள் நீதிமன்றம் போயிருப்பதிலும் ஆச்சரியமில்லை.

போன ஜூலையில் அந்த அண்ணாவிடமிருந்து ஒரு படம் வந்தது. ஏரிக்கரையில் வைத்திருக்கும் குளியல் நீர்ப் பலகை, நீந்தும் ஆள், பக்கத்தில் மூன்று நட்சத்திரம். கூடவே குரல் செய்தி: “தங்கச்சி, மூண்டு நட்சத்திரம் போட்டிருக்கு. பிள்ளையளை இறக்கலாம்தானே?”

“தாராளமா இறக்கலாம் அண்ணா. அங்க ராத்திரி மழை பெஞ்சுதா?” என்று கேட்டு அனுப்பினேன்.