கதை யாருடைய கையில் இருக்கிறது?

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் தம்மைப் பற்றிய தீர்ப்பை முன்பே எழுதி முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 'நான் எதற்கும் லாயக்கில்லை', 'கோபம் என் ரத்தத்திலேயே ஊறியது', 'என்னால் யாருக்கும் நிம்மதி இல்லை' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பல ஆண்டுகளாகத் தமக்குத் தாமே சொல்லிச் சொல்லி இறுகிப்போன கதை அது. வாழ்வில் நடந்தவற்றில் அந்தத் தீர்ப்புக்குப் பொருந்துபவை மட்டும் அதில் தங்கியிருக்கும், பொருந்தாதவை உதிர்ந்திருக்கும். அதை முதலில் சொன்னவர் பெரும்பாலும் வேறொருவர். தந்தையாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், கணவராக இருக்கலாம்.

உதிர்ந்தவற்றைத் தேடி எடுப்பதுதான் கதைவழி சிகிச்சையின் வேலை. 1980களில் குடும்ப சிகிச்சையாளர்களான ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் சேர்ந்து இதை வளர்த்தெடுத்தார்கள். உடையிலேயே மலம் கழித்துவிடும் 6 வயதுச் சிறுவன் ஒருவனை வைட்டிடம் அழைத்து வந்தார்கள். குடும்பமே அவமானத்தில் குறுகிப்போயிருந்தது. வைட் சிறுவனைத் திருத்த முயலவில்லை. அந்தச் சிக்கலுக்கு ஒரு குறும்புப் பெயர் வைத்து, தொல்லை கொடுக்க வந்த வெளியாளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். அது ஏமாற்றப் பார்த்தும் அவன் ஏமாறாமல் இருந்தது எப்போது என்று கேட்டார். அதே கேள்வியைப் பெற்றோரிடமும் கேட்டார். எல்லோரும் மறந்துபோயிருந்த சில தருணங்கள் வெளியே வந்தன. அதுவரை குற்றவாளியாக இருந்த பையன், அந்தத் தருணங்களில் எதிர்த்து நின்றவனாகத் தெரிந்தான்.

என் அனுபவத்திலிருந்து ஒன்றை, அடையாளங்களை முற்றிலும் மாற்றிச் சொல்கிறேன். பல ஆண்டுகள் அடியும் வசையும் நிறைந்த மணவாழ்வில் இருந்துவிட்டு வெளியே வந்த ஒரு பெண், 'நான் கோழை. இல்லாவிட்டால் முதல் நாளே கிளம்பியிருப்பேன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 'இல்லை, நீங்கள் தைரியசாலி' என்று மறுத்திருந்தால் அது அவர் காதில்கூட விழுந்திருக்காது. அந்த வீட்டில் ஒரு மாலைப்பொழுது எப்படிப் போகும் என்று கேட்டேன். வாசலில் கேட்கும் குரலை வைத்தே அன்றைய இரவைக் கணித்துப் பிள்ளைகளை முன்னதாகத் தூங்க வைத்தது, அவர்களின் சான்றிதழ்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைத்தது, செலவில் மிச்சம் பிடித்த பணத்தை ஒளித்துவைத்தது என்று ஒவ்வொன்றாக வந்தன. இதையெல்லாம் செய்துகொண்டிருந்தவரை என்னவென்று சொல்வீர்கள் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, 'காவல் இருந்தவள்' என்றார். அந்தச் சொல்லை நான் கொடுத்திருந்தால் அது என் அறையின் வாசலைக்கூடத் தாண்டியிருக்காது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துயரத்தோடு வருகிறவருக்குப் புதுக் கதை ஒன்றைத் தயாராக எடுத்து நீட்டிவிடும் ஆசை நல்ல மனம் கொண்ட எல்லோருக்கும் உண்டு. 'எல்லாம் நன்மைக்கே', 'உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் எத்தனையோ பேர்'. அன்போடு சொன்னாலும் அதுவும் மற்றவர் எழுதிய தீர்ப்புதான்.

தனியாக எழுதிப் பார்ப்பதும் சிலருக்கு உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் மனக்காயங்களைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதனால் மனதில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் போனது. பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, சிறிய அளவில். சிகிச்சைக்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பரிந்துரைப்பவர்களை நம்பாதீர்கள்.

சொல்லவைப்பதே தீங்காக முடிவதும் உண்டு. விபத்தோ பேரிடரோ நடந்த சூட்டோடு, பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பது பிற்கால மனவடு நோயை (PTSD) தடுக்கவில்லை, சிலருக்குக் கேடாகவும் முடியலாம் என்று ஆய்வுகள் காட்டின. அந்த முறை வேண்டாம் என்பதே இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாதுகாப்பான இடம், குடிநீர், உறவினரைப் பற்றிய தகவல் ஆகியவைதான் முதலில் தேவை. அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள். இழப்பு நேர்ந்த சில மணி நேரத்துக்குள் ஒருவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

சமூக மாற்றத்திலும் கதையின் பங்கு பெரியது. 1975இல் மெக்சிகோவில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மிகேல் சபிதோ, முதியோர் கல்வியை மையமாக வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார். அவருடைய முறையில் நல்லவரும் தீயவரும் மட்டும் போதாது. தயங்கி, தடுமாறி, மெல்ல மாறுகிற ஒரு பாத்திரம் வேண்டும். பார்ப்பவர் தம்மைக் காண்பது அவரிடம்தான். அந்தத் தொடருக்குப் பின் எழுத்தறிவு வகுப்புகளுக்குக் கூட்டம் திரண்டது.

இன்னும் ஆழமாக எனக்குப் படுவது, 2016இல் வெளியான, அமெரிக்காவின் மயாமி நகர ஆய்வு. தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று திருநர்களைப் பற்றிச் சுமார் 10 நிமிடம் பேசினார்கள். வாதாடவில்லை. வேறுபட்டவர் என்பதற்காக உங்களை யாராவது தவறாக எடைபோட்டது உண்டா என்று கேட்டு, வீட்டில் இருந்தவர்கள் சொன்னதைச் செவிமடுத்தார்கள். அங்கே தணிந்த வெறுப்பு 3 மாதம் கழித்தும் திரும்பி வரவில்லை. கதவைத் திறந்தவருக்கும் கதை சொல்ல இடம் கிடைத்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

நம் விழிப்புணர்வுக் கூட்டங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மீண்டு வந்தவர் மேடையில் அழவேண்டும், அரங்கம் கைதட்டவேண்டும், காணொளி இணையத்தில் ஏறவேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து அவர் வேலை தேடும்போதும் அந்தக் காணொளி அங்கேயே கிடக்கும். யாரையாவது பேச அழைப்பதென்றால், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். கடைசி நிமிடத்தில் மறுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். பதிவு செய்தால் வெளியிடும் முன் அவரிடம் காட்டுங்கள். பின்னாளில் நீக்கச் சொன்னால் நீக்குங்கள். குழந்தைகளை மேடையேற்றவே வேண்டாம். மறுநாள் ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, இரவு தூங்கினீர்களா என்று விசாரிக்க வேண்டும். அழைக்கப்போவது யார் என்பதை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவையுங்கள்.