மீன் விற்கும் அம்மாவுக்கு பி12 எப்படிக் குறைந்தது?

மழைக்காலம் வந்தால் பழைய வண்ணாரப்பேட்டையில் என் கிளினிக்கில் மணிக்கட்டு முறிவுகள் வரிசை கட்டும். ஈரத் தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தவர்கள். அப்படி வந்தவர்தான் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா. வயது 60க்கு மேல். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாவுக்கட்டு போட்டு முடித்ததும் மகன் ஒரு 'மாஸ்டர் செக்கப்' ரிப்போர்ட்டை நீட்டினார். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் 24 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பெரும்பாலான லேப்களில் 15 வரை சரி என்பது கணக்கு.

"இதனாலதான் எலும்பு உடைஞ்சிதா சார்? நெட்டுல அப்படித்தான் போட்டிருக்கான்."

முதலில் நான் கேட்டது, ரத்தம் எங்கே எடுத்தார்கள் என்று. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து எடுத்தார்களாம். பைக்கில் ஊரெல்லாம் சுற்றி அந்தக் குழாய் லேபுக்குப் போனபோது மதியம் ஆகியிருக்கும். ரத்தத்தை எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஐஸில் வைக்காமல், சிவப்பணுக்களைச் சீக்கிரம் பிரிக்காமல் விட்டால் மணிக்கு மணி அளவு ஏறும். இந்த ஒரு காரணத்தாலேயே வீணாகப் பயந்து வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். லேபுக்கே நேரில் போய்க் கொடுக்கச் சொன்னேன். 19 வந்தது. அதுவும் அதிகம்தான்.

சரி, இது என்ன பொருள்? நாம் சாப்பிடும் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது செலவாகும் வழியில் உண்டாவதுதான் ஹோமோசிஸ்டீன். அதைத் திரும்ப மெத்தியோனினாக மாற்ற வைட்டமின் பி12, ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் ஆசிட்) இரண்டும் வேண்டும்; சிஸ்டீனாக மாற்றி அனுப்ப பி6 வேண்டும். இவை குறைந்தால் தேங்கும். சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு குறைந்தாலும் ஏறும். தேங்கியது எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரத நார்களின் குறுக்குப் பிணைப்பைக் கெடுக்கிறது என்று கருதுகிறார்கள். கான்கிரீட் நன்றாகவே இருக்கிறது, உள்ளே கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டுக்கம்பிதான் இளகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸா ஸ்கேன் தாது அடர்த்தியை அளக்கும். இந்தக் கோளாறு அதில் தெரியாது.

2004இல் நெதர்லாந்திலும் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமிலும் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள், ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு எலும்பு முறிவு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். ஃப்ராமிங்ஹாம் ஆண்களிடம் அதைவிடவும் கூடுதல். அப்படியானால் பி வைட்டமின் மாத்திரை கொடுத்தால் முறிவு குறைய வேண்டும் இல்லையா? நெதர்லாந்திலேயே அளவு கூடியிருந்த சுமார் 2,900 முதியவர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வருடம் பி12, ஃபோலிக் ஆசிட் கொடுத்ததில் ஹோமோசிஸ்டீன் இறங்கியது. முறிவு மொத்தத்தில் குறையவில்லை. 'சத்து ஊசி போடுங்க டாக்டர்' என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். குறைபாடு இருந்தால் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். ஆனால் அது எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து ஆகாது.

அம்மாவுக்கு பி12 140தான் இருந்தது. "நாங்க டெய்லி மீன் துன்றவங்க சார், எங்களுக்கு எப்படி கொறையும்?" நியாயமான கேள்வி. பி12 அதிகம் கிடைப்பது மீன், இறைச்சியில்தான். சுத்த சைவக்காரர்கள் அதிகம் உள்ள சவுகார்பேட்டையிலிருந்து வருபவரிடம் இதைத் தேட எனக்கே தோன்றும், காசிமேட்டுக்காரரிடம் தோன்றாது. மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன். சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின். எப்போதோ ஒரு நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுத்த பேன்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரை, சீட்டில்லாமலே நாலைந்து வருடமாக. தட்டில் பி12 இருக்கிறது, இந்த இரண்டும் அதை உடம்பில் சேரவிடவில்லை. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை பி12 பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்டேன், பாதம் மரத்துப் போகிறதா என்று. "செருப்பு கழண்டாலும் தெரியாது." என்னைக் கேட்டால் ஹோமோசிஸ்டீனைவிட இதுதான் பெரிய விஷயம். பி12 குறைந்தால் நரம்பு கெடும், கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரியாது. ஆள் விழுந்தால்தானே எலும்பு உடையும்! இந்த நிலையில் வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

பி12 ஊசி போட்டு, கேஸ் மாத்திரையை மெல்ல நிறுத்தினோம். மூன்று மாதத்தில் ஹோமோசிஸ்டீன் 11. "அப்போ எலும்பு மருந்து வேணாமே?" என்றார் மகன். டெக்ஸாவில் டி ஸ்கோர் (எலும்பு அடர்த்தியின் மதிப்பெண்) மைனஸ் 3, அதாவது எலும்புத் தேய்மானம். அது அப்படியேதான் இருக்கிறது என்று காட்டினேன். எலும்புக்கான வாராந்திர மாத்திரை அவர் வயிற்றுக்கு ஒத்துவராது என்பதால் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட்டைச் சொன்னேன். சிறுநீரகம், வைட்டமின் டி, கால்சியம் மூன்றும் சரியாக இருந்தன. போட்டபின் ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம் என்றதும் அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வேலை குறைவு.

"தடை ஆரம்பிச்சதும் வரேன் சார். இப்ப படுத்தா யாவாரம் போயிடும்."