நகைக்கு உடனே காசு, பயிருக்கு ஏன் இல்லை?

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வெங்காயம் நடுகிற ஒருவர் காப்பை அடகு வைத்தால் அன்றைக்கே காசு கிடைத்துவிடும். அதே வங்கியில் பயிருக்குக் கடன் கேட்டால் பிணையாளி, காணி உறுதி, வருமானச் சான்று என்று அலைய வேண்டும். தங்கத்தை உரசி, நிறுத்துப் பார்த்தால் பெறுமதி தெரிந்துவிடும். ஆளின் நாணயத்தை அப்படி உரசிப் பார்க்க முடியாது.

சரி, ஆபத்து அதிகமென்றால் வட்டியைக் கூட்டலாமே? 1981இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஆண்ட்ரூ வைஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இதற்கு விடை சொன்னார்கள். வட்டி ஏற ஏற, நிதானமாகத் தொழில் செய்பவர்கள் விலகிக்கொள்வார்கள். எப்படியும் துணிந்துவிட்டவர்களே மிஞ்சுவார்கள். வாங்கியவரும் அந்த வட்டியைக் கட்டுவதற்காக ஆபத்தான முயற்சியில் இறங்குவார். அதனால் ஓர் அளவுக்கு மேல் வங்கி வட்டியை ஏற்றாது. அதைவிடக் கூட்டித் தருகிறேன் என்பவருக்கும் 'இல்லை' என்றே சொல்லிவிடும்.

கிராமத்துச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. யார் சொன்ன தவணைக்குக் கட்டுவார் என்பது அங்கே ஊருக்கே தெரியும். வங்கி அதைக் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆகும். கற்ற பிறகு இன்னொரு சிக்கல்: அந்த அறிவு அந்த ஒரு வங்கியிடம்தான் இருக்கும். நல்ல வாடிக்கையாளர் வேறு வங்கிக்குப் போனால், 'பழைய வங்கி ஏன் இவரை விட்டது?' என்ற சந்தேகம் எழும். அவர் பழைய இடத்திலேயே கூடுதல் வட்டி கட்டிக்கொண்டு இருப்பார்.

அப்படியென்றால் போட்டி வந்தால் எல்லாம் சரியாகுமா? பீட்டர்சன், ராஜன் என்ற பொருளியலாளர்கள் 1995இல் அமெரிக்கச் சிறு நிறுவனங்களை ஆராய்ந்து எதிர்பாராத ஒன்றைக் காட்டினார்கள். போட்டி குறைந்த இடங்களில்தான் புதிய நிறுவனங்களுக்குக் கடன் எளிதாகக் கிடைத்தது. இன்று குறைந்த வட்டிக்குக் கொடுத்து வளர்த்துவிட்டால் நாளை அவர் நம்மிடமே இருப்பார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வங்கி புதியவரைத் தாங்கும்.

2009இல் போர் முடிந்த பின் வடக்கில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வரிசையாகக் கிளை திறந்தன. போட்டி வந்தது, தகவல் அதே வேகத்தில் வரவில்லை. ஒரே பெண்ணுக்குப் பல நுண்கடன் நிறுவனங்கள் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிப் பல குடும்பங்கள் நொந்துபோயின. கடன் கொடுத்தவர்கள் ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்திருந்தால் இதில் ஒரு பகுதியையாவது தவிர்த்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

கடன் கொடுப்பவர்கள் இப்படித் தகவலைப் பகிர்ந்துகொள்வதற்காகவே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் கொடுகடன் தகவல் பணியகம் ஏற்கெனவே உருவாகியிருந்தது. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரான 'கிரிப்' (CRIB) என்றால் எல்லாருக்கும் தெரியும். பலர் அதைக் கறுப்புப் பட்டியல் என்றே பயப்படுகிறார்கள். ஒழுங்காகக் கட்டியதும் அதில் பதிவாகும். அந்த அறிக்கையோடு இன்னொரு வங்கிக்குப் போய் வட்டியைப் பேரம் பேசலாம். ஆனால் வருடக்கணக்காகத் தவறாமல் சீட்டுக் கட்டிய பெண்ணின் நாணயம் அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் வங்கிக்குப் போனால் இன்றும் புதியவர்தான்.