உப்புவெளியிலிருந்து போன மடல் ஏன் ஸ்பாமில் விழுகிறது?

உப்புவெளியில் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சீசன் தொடங்குமுன் பழைய விருந்தினர் எல்லாருக்கும் 'அறைக்கு 30% கழிவு' என்று மின்னஞ்சல் போடுகிறாராம். பெரும்பாலானவை ஸ்பாமுக்குள் போய்விடுகின்றன. 'கழிவு', 'இலவசம்' போன்ற சொற்களைத் தவிர்த்து, செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பினால் சரிவருமா?

நேரம் பார்ப்பதை இராகுகாலக்காரரிடம் விட்டுவிடுவோம். சொற்களையும் ஸ்பாம் வடிகட்டிகள் பார்க்கத்தான் செய்கின்றன. ஆனால் அதற்கு முன்பே அவை பார்ப்பது ஒன்று உண்டு: இதை உண்மையில் அனுப்பியது யார்?

1982இல் எழுதப்பட்ட மின்னஞ்சல் விதிமுறை இதைக் கேட்கவே இல்லை. அனுப்புநர் இடத்தில் யாரும் யார் பெயரையும் போடலாம். பிறகு ஒட்டுப்போட்டார்கள். எந்தச் சேர்வர்கள் உங்கள் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். சோதனையில் தவறும் மடலை என்ன செய்வது என்ற அறிவிப்பு டிமார்க். இவை இரண்டும் வெறும் நிர்வாகம். எனக்குப் பிடித்தது மூன்றாவது, டிகிம்.

மடலின் உள்ளடக்கத்தையும் முக்கியமான தலைப்பு வரிகளையும் (அனுப்புநர், பெறுநர், நாள் போன்றவை) அனுப்பும் சேர்வர் ஒரு கணக்கில் போட்டு அரைக்கிறது. மடல் எவ்வளவு நீளமானாலும் வெளியே வருவது 256 பிட் எண்தான், அதாவது 256 இடங்களில் 0 அல்லது 1. வழியில் யாராவது 30ஐ 80 ஆக்கினால், அந்த 256 பிட்டில் ஏறக்குறையப் பாதி புரண்டுவிடும். இந்த எண்ணில் சேர்வர் தன் இரகசியச் சாவியால் கையொப்பம் வைக்கிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி, டொமைனின் டிஎன்எஸ் பதிவில் (இணையத்தின் பொது முகவரிப் புத்தகத்தில்) உலகமே பார்க்கக் கிடக்கிறது.

பொதுச் சாவி தெரிந்தால் இரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாதா? சாதாரண தரத்தில் படித்த முதன்மை எண்கள்தான் காவல். இரண்டு மாபெரும் முதன்மை எண்களைப் பெருக்குவது நொடி வேலை. பொதுச் சாவியில் தெரிவது அந்தப் பெருக்கம்தான். அதைப் பிரித்து இரண்டையும் எடுப்பதுதான் பாடு. எண் போதிய பெரிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். 2011 இறுதியில் ஸக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்குக் கூகிளிலிருந்து வேலை விசாரித்து மடல் வந்தது. போலியோ என்று தலைப்பு வரிகளைக் கிளறியவர், கூகிளின் சாவி வெறும் 512 பிட் என்று கண்டார். ஆட்தேர்வுப் பரீட்சை போலும் என்று நினைத்து அதை உடைத்தார். நிறுவனர் செர்கே பிரின் பெயரில் மற்ற நிறுவனர் லாரி பேஜுக்கு மடலும் போட்டார். பதில் வரவில்லை. சில நாளில் சாவி மட்டும் 2048 பிட் ஆகியிருந்தது! எண் கோட்பாட்டு ஆய்வால் நாட்டுக்கு என்ன வருமானம் என்று கேட்கும் கனவான்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம்.

வாசகரிடம் வருவோம். அவர் அனுப்புவது மொத்த அஞ்சல் சேவை ஒன்றின் வழியாக. அனுப்புநர் முகவரியோ இலவச ஜிமெயில். கையொப்பம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. இரண்டும் பொருந்துகிறதா என்று டிமார்க் பார்க்கும், அங்கேயே தவறிவிடும். சொந்த டொமைன் வாங்கி, அதன் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்று பதிவுகளையும் போடவேண்டும். பிறகு அந்தச் சேவை வழியாக உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மடல் அனுப்பி, அங்கே திறந்து, மூன்று புள்ளியை அமத்தி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' என்றிருக்கவேண்டும்.

கையொப்பம் ஆளைக் காட்டும். ஆள் நல்லவரா என்று காட்டாது. அதைத் தீர்மானிப்பது பெறுகிறவர்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகிள் சொல்லும் எல்லை: ஸ்பாம் முறைப்பாடு 0.3%ஐத் தொடக்கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் 'ஸ்பாம்' பொத்தானை அமத்தினால் போதும். அதனால் விலகும் இணைப்பை ஒளித்துவைக்காதீர்கள். பத்து வருடத்துக்கு முன் நிலாவெளிக் கடலில் குளித்துவிட்டுப் போனவரின் முகவரி இன்று செத்திருக்கலாம். 'அப்படி முகவரி இல்லை' என்று 550 என்ற பிழை எண்ணோடு மடல் திரும்பி வரும் முகவரிகளை அன்றே வெட்டுங்கள். கைவிடப்பட்ட சில முகவரிகளை, ஸ்பாம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கப் பொறியாகவும் வைத்திருக்கிறார்கள், அதில் விழுந்தால் புது டொமைனின் பெயரும் கெடும். முதல் வாரம், போன சீசனில் தங்கியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். பதில் எழுதுகிறவர்கள் அவர்கள்தான். பதில் வரும் டொமைனை வடிகட்டி நல்ல கண்ணால் பார்க்கும்.