சேர்வராயன் எப்படி ஷெவராயன் ஆனார்?

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னால் நின்ற ஏற்காட்டுப் பெரியவர் சான்றிதழைக் காட்டி, "இது எம் பேரு இல்லீங்க தம்பி" என்றார். அவர் பெயர் சேர்வராயன். தாளில் 'ஷெவராயன்' என்று இருந்தது.

ராயன் என்றால் அரசன். பல்லவராயன், மழவராயன், பக்கத்து மலையான கல்வராயன் எல்லாவற்றிலும் வருவது இதே ராயன்தான். ஏற்காட்டில் சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் காவேரியம்மனோடு இருக்கும் சாமி சேர்வராயன். மே மாதம் திருவிழா. மலையாளிகள் (கேரளத்துக்காரர் அல்ல, இந்த மலையின் பழங்குடி மக்கள்) கும்பிடும் சாமி. ஏற்காடு இருக்கும் மலைக்குப் பெயர் அந்தச் சாமியுடையது, அங்கே பிறக்கும் பிள்ளைக்கும் அதேதான். கீழே சேலத்தில் இந்தப் பெயரை அபூர்வமாகத்தான் கேட்கலாம்.

வெள்ளைக்காரன் வாயில் இது 'ஷெவராய்' ஆனது. 'ர்' போயிற்று, 'ன்' போயிற்று. அவன் நாக்கு அப்படி, சரி. நமக்கு என்ன வந்தது? தூத்துக்குடியை நாம் தமிழில் 'டூட்டிகோரின்' என்றா எழுதுகிறோம்? இங்கே மட்டும் விடுதிப் பலகையிலும் சுற்றுலாக் கட்டுரையிலும் 'ஷெவராய் மலை'. மொழிபெயர்ப்பவர் ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலியைப் பெயர்க்கிறார். மலையில் ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இன்னொரு பக்கம் தூய தமிழ் ஆர்வலர்கள். 'ராயன்' வடசொல் வழி வந்தது, ஆகவே 'சேரவரையன்' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். சேர + அரையன், புணர்ச்சி விதிப்படி சரிதான். தமிழ்ப்பற்றில் நான் அவர்களுக்குக் குறைந்தவன் இல்லை. ஆனால் அந்தக் குகை முன்னால் நின்று 'சேரவரையா' என்று கும்பிட்டவரை நான் பார்த்ததில்லை. புதிதாகக் கலைச்சொல் ஆக்கும்போது வேரைத் தோண்டலாம். ஒரு மனிதரின் பெயர் அவர் வீட்டில் கூப்பிடுகிறபடிதான் இருக்க வேண்டும். ஷெவராய்க்கு உரிய தமிழ்ச் சொல் சேர்வராயன். வேறொன்றை ஆக்கத் தேவையே இல்லை.

பெரியவருக்குத் திருத்த மனு எழுதிக் கொடுத்தேன். பெயர் வரும் இடத்தில் மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டார். சே, ர், வ, ரா, ய, ன் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, அவரே எழுதினார்.