சத்தம் நின்றதா? அப்போதுதான் பயப்பட வேண்டும்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு ஆள் ஏற்றி ஓடுகிற டாக்சி, பெட்ரோல் எஞ்சினில் கேஸ் கிட் போட்டது. ஐடிலில் உதறல், இழுவை இல்லை, திருநள்ளாறு போய்த் திரும்புவதற்குள் மிஸ்ஸிங். பிளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, இன்ஜெக்டரும் கழுவியாயிற்று. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் கேஜை மாட்டினால் மூன்றாவது சிலிண்டரில் முள் ஏறவே மாட்டேன் என்கிறது. எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டைக் கழற்றினால், புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கடித்த தட்டை மாதிரி இருக்கிறது.

"முன்னாடி டேப்பெட் சத்தம் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுண்ணே. ஒருத்தர்கிட்ட காட்டி டைட் வெச்சேன். அப்புறம் சத்தமே இல்ல, வண்டி சூப்பரா இருந்துச்சு."

சத்தம் நின்றால் கோளாறு தீர்ந்தது என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! கேம் சுழன்று டேப்பெட்டைத் தள்ளும், டேப்பெட் வால்வைத் திறக்கும்; நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில்தான் அந்தச் சத்தம். டைட் வைப்பது என்றால் அதைக் குறைப்பது. அந்த இடைவெளி தேய்மானம் இல்லை, கம்பெனியே கணக்குப் போட்டு விட்டது. சூடு ஏறினால் வால்வின் தண்டு நீளும், நீளுவதற்கு இடம் வேண்டும். இல்லையென்றால் வால்வு சீட்டில், அதாவது அது மூடி உட்காருகிற வளையத்தில், முழுசாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு 700 டிகிரிக்கு மேல் காய்கிற சாமான்; அந்தச் சூட்டில் பெரும்பங்கை அது சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குள் இறக்கும். 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிற வால்வுக்கு உட்காரக் கிடைப்பதே துளி நேரம், அதையும் பிடுங்கினால்? வாய்க்கால் ஷட்டர் அடியில் கல் சிக்கி விரற்கடை சந்து இருந்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் சொல்ல வேண்டியதில்லை, பீறிடுகிற தண்ணீரே அடியை அரித்துவிடும். இங்கே பீறிடுவது நெருப்பு.

கேஸ் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கேஸ் உலர்ந்த எரிபொருள். சீட் சீக்கிரம் தேயும், வால்வு உள்ளே இறங்கும், தண்டின் நுனி மேலே ஏறும். யாரும் ஸ்பேனர் வைக்காமலேயே இடைவெளி குறைந்துகொண்டு வரும், சத்தமும்கூட. அதைக் கேட்டுவிட்டு "எஞ்சின் செட் ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள்.

அதற்காக லூசாக விடச் சொல்லவில்லை, அதுவும் கேமைத் தின்னும். காதை வைத்து டேப்பெட் வைக்காதீர்கள் என்கிறேன். இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் (எங்கள் பட்டறையில் பில்லர் கேஜ், நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்கிறேன்) இல்லாமல் மூடியைத் திறக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என்று பல எஞ்சின்களில் வேறுபடும். ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்கிற ஹைட்ராலிக் டேப்பெட் என்றால் திருக ஸ்குருவே கிடையாது, அதில் சத்தம் வந்தால் முதலில் ஆயிலைப் பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஐடிலில் சைலன்சர் வாயருகே ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். சீராக வெளியே தள்ளினால் நல்லது. அவ்வப்போது உள்ளே இழுத்தால் வால்வு கசிகிறது என்று சந்தேகப்படலாம், உடனே கம்ப்ரஷன் பாருங்கள். கருகிய வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சரிக்கட்டுகிறேன் என்பவரை நம்பாதீர்கள், அது போனது போனதுதான். புது வால்வு போட்டு, லேத்தில் சீட் வெட்டி, வால்வுக்குப் பின்னால் இருக்கிற வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று உங்கள் கண்முன்னால் காட்டச் சொல்லுங்கள். பழைய ஹெட் கேஸ்கெட்டையே திரும்பப் போடச் சொல்லி என்னிடம் கெஞ்சாதீர்கள்.

இன்னொன்று, முக்கால்வாசி வண்டிகளில் டேப்பெட் பார்க்க எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சனிக்கிழமை சவாரி முடித்து, பானட்டில் தோசை சுடலாம் என்கிற சூட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு "அரை மணியில வேணும்ணே" என்று நிற்காதீர்கள். ராத்திரியே விட்டுவிட்டுப் போங்கள், காலையில் முதல் வேலையாகப் பார்த்துவைக்கிறேன்.