டிக்கெட்டில் உள்ள மணியைப் பார்த்து மாத்திரை எடுத்துவைக்காதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் டிராவல்ஸில் பாதி வேலை. விலை கேட்ட கையோடு வரும் அடுத்த கேள்வி, “எவ்வளவு நேரம் சார்?” நான் வாய் திறப்பதற்குள் டிக்கெட்டைப் பார்த்து அவர்களே கழித்துவிடுகிறார்கள்.

அதில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் மணி. பெங்களூரில் பிற்பகல் 2.00க்குப் புறப்பட்டு சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் மாலை 5.30க்கு இறங்கினால், அது மூன்றரை மணி நேரப் பயணமல்ல. அந்த ஊர் நமக்குக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. ஆக, உட்கார்ந்திருக்கப் போவது 16 அல்லது 17 மணி நேரம்.

கூகுளில் வரும் கிலோமீட்டரும் முழுக் கதை சொல்லாது. அது பூமி உருண்டைமேல் நூல் பிடித்த குறுக்கு வழி. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ அப்படிப் பார்த்தால் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாக 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது; தூரம் 15,300 கி.மீ.! ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிடச் சீக்கிரமாக. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’ காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். (பூமி கிழக்கே சுற்றுவதால் மேற்கே பறந்தால் சீக்கிரம் போகலாமே என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது ஐயா.)

வான்வழி மூடப்பட்டாலும் கணக்கு மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியதும், டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கிப் போயின.

அதனால் டிக்கெட்டில் ‘மொத்தப் பயண நேரம்’ என்று இருப்பதைப் பாருங்கள். டிரான்சிட் காத்திருப்பும் அதற்குள் அடக்கம். வீட்டிலிருந்து ஏர்போர்ட் போவதும், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பதும் அதில் சேராது. சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் இந்த மொத்த மணிக்கணக்கை டாக்டரிடம் சொல்லி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வேறு விமானத்தில் வந்தாலும் வரும்.

சிகாகோவில் இறங்கி டல்லாஸ் போகிறவர்களுக்கு ஒன்று. இமிக்ரேஷன் சிகாகோவிலேயே, பெட்டியையும் அங்கேயே எடுத்து மறுபடி போட வேண்டும். நடுவில் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தால், விலை குறைவென்றாலும் வீல்சேரில் போகிறவர்களுக்கு அந்த டிக்கெட்டை நான் போடுவதில்லை. இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்றால் இன்னும் மோசம்: முதல் விமானம் தாமதமானதற்காக அடுத்த கம்பெனிக்காரர் உங்களுக்கு இலவசமாக வேறு சீட் தர வேண்டியதில்லை.